கட்டியவர் போனபின் காப்பவர் யார்?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சங்கத்துத் தமிழ் வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரம். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் பையன் ஒருவன் மடிக்கணினியை ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தான். பின்னாலேயே அவன் அம்மாவும் வந்தார்.

"மாமா, இந்த புரோகிராம் ஓட மாட்டேங்குது. அக்கா நோட்டைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே அடிச்சிருக்கேன்."

அக்காவின் நோட்டையும் காட்டினான். 2016இல் அவள் பொறியியல் கல்லூரியில் எழுதிய நோட்டு அது. ஐம்பது மாணவர்களின் மதிப்பெண்களைப் பட்டை வரைபடமாக வரையும் பத்து வரி நிரலும், அன்று வெற்றிகரமாக ஓடியதற்குச் சான்றாக அதன் அச்சுப் பிரதியும் ஒட்டப்பட்டிருந்தன. தம்பி அடித்ததில் ஒரு புள்ளி கூடப் பிசகவில்லை. ஆனாலும் திரையில் சிவப்பு நிறத்தில் பிழைச் செய்தி.

அம்மா கேட்டார்: "ரெண்டும் ரெண்டும் நாலுங்கறது வருஷா வருஷம் மாறுமா என்ன? அன்னிக்கு ஓடினது இன்னிக்கு ஏன் ஓடலை?"

நியாயமான கேள்வி. வரியைத் திருத்த அரை நிமிடம் போதும், திருத்தியும் கொடுத்தேன். ஆனால் 'ஏன்' என்பதற்கு நின்ற இடத்தில் பதில் சொல்ல முடியவில்லை. அதை இங்கே எழுதலாம் என்று தோன்றியது. இன்று நம் வீடுகளில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் இன்ஃபர்மேட்டிக்ஸ் பிராக்டிசஸ் எடுத்திருக்கும் பிள்ளைகள் பலர். அவர்களுடைய என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயமே அந்த நூலகத்தைப் பற்றியது. அதன் பெயர் மேட்பிளாட்லிப்.

நூலகம் என்றால்?

கணிப்பொறித் துறையில் நூலகம் என்பது புத்தகசாலை அல்ல. பிறர் எழுதி, சோதித்து, எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வைத்திருக்கும் நிரல்களின் தொகுப்பு. மசாலாவை வீட்டில் இடிக்காமல் கடையில் பொட்டலமாக வாங்குவதைப் போன்றது.

நாம் பள்ளியில் கிராஃப் தாளில் வரைபடம் வரைந்ததை நினைத்துப் பாருங்கள். முதலில் அளவுத்திட்டம் எழுத வேண்டும்: கிடை அச்சில் ஒரு சென்டிமீட்டர் இத்தனை அலகு, செங்குத்து அச்சில் இத்தனை அலகு. பிறகு அச்சுகளில் எண்களைக் குறிக்க வேண்டும். 17, 34, 51 என்று குறித்தால் ஆசிரியர் திட்டுவார். 20, 40, 60 என்று முழு எண்களாக இருக்க வேண்டும். அதன்பின் புள்ளிகள், கோடு, தலைப்பு, விளக்கக் குறிப்பு.

இத்தனையையும் மேட்பிளாட்லிப் சில வரிக் கட்டளைகளில் செய்துவிடுகிறது. எந்த எண்கள் வந்தாலும் பொருத்தமான அளவுத்திட்டத்தை அதுவே தேர்ந்தெடுக்கும். திரையில் காட்டும், அச்சுக்கு ஏற்ற கோப்பாகவும் எழுதிக் கொடுக்கும். இது பைத்தான் மொழிக்காக எழுதப்பட்டது. திறந்த மூல மென்பொருள். அதாவது அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுக்கலாம், படிக்கலாம், திருத்தலாம், மற்றவர்க்கும் கொடுக்கலாம்.

ஒரு சாவிக்காகக் காத்திருந்தவர்

இதைத் தொடங்கியவர் ஜான் ஹண்டர் என்ற அமெரிக்கர். கணிப்பொறி நிபுணராக அல்ல, நரம்பியல் ஆராய்ச்சியாளராக இந்த வேலையில் இறங்கியவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் வலிப்பு நோயாளிகளின் மூளையிலிருந்து பதிவாகும் மின்னலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அலைகளைப் பார்க்க அவர்களிடம் இருந்தது விலை கொடுத்து வாங்கிய ஒரு மென்பொருள். அதற்கு ஒரே ஓர் உரிமம். அந்த உரிமமும் கணிப்பொறியில் செருகும் ஒரு சிறு கருவி வடிவத்தில் இருந்தது. அது யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் வேலை நடக்கும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்.

நம்மில் சிலருக்கு அந்நாள் நினைவு வரலாம். தெரு முழுவதற்கும் ஒரே தொலைபேசி இருந்த வீட்டில், வரிசையில் நின்று ஊருக்குப் பேசிய நாட்கள்.

ஹண்டர் காத்திருந்து சலித்து, தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். ஆராய்ச்சியாளர்கள் அப்போது பெரிதும் பயன்படுத்திய மேட்லாப் என்ற மென்பொருளில் பழகியவர்கள் தடுமாறக் கூடாது என்பதற்காக, அதன் கட்டளைகளைப் போலவே தம் கட்டளைகளையும் அமைத்தார். 2003இல் அதை உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். 2007இல் அதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்.

அதன்பின் அது போன இடங்கள் அவரே எதிர்பாராதவை. 2008இல் ஃபீனிக்ஸ் விண்கலம் செவ்வாயில் இறங்கியபோது விஞ்ஞானிகள் தரவுகளைப் பார்க்க இது பயன்பட்டது. 2019 ஏப்ரலில் வெளியான கருந்துளையின் முதல் படத்தை உருவாக்கிய நிரல்களிலும் இது இருந்தது. வலிப்பு நோயாளிகளின் அலைகளைக் காணப் பிறந்த கருவி, ஐந்தரை கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் பொருளைக் காணவும் துணை நின்றது.

மூன்று அடுக்கு வீடு

இந்த நூலகத்தை மூன்று அடுக்கு வீடாகக் கற்பனை செய்துகொள்ளலாம்.

மேல் அடுக்கு, நாம் கட்டளை இடும் இடம். "இந்த எண்களைக் கோடாக வரை" என்று சொல்வது இங்கேதான். நடு அடுக்கில் படத்தின் உறுப்புகள் இருக்கின்றன: கோடு, பட்டை, எழுத்து, அச்சு, தலைப்பு. ஒவ்வொன்றும் தன் நிறம், தடிமன், இடம் ஆகியவற்றை நினைவில் வைத்திருக்கும். கீழ் அடுக்கு உண்மையில் மை தீட்டும் கை. திரையா, படக் கோப்பா, அச்சுக் கோப்பா என்பதைப் பொறுத்து இந்தக் கை மாறும். மேலே இருக்கும் இரண்டு அடுக்குகளும் மாற வேண்டியதில்லை.

இந்தப் பிரிவினைதான் இத்தனை ஆண்டு இதை நிற்க வைத்தது. திரைத் தொழில்நுட்பம் எத்தனையோ முறை மாறியது. ஒவ்வொரு முறையும் கீழ் அடுக்கில் ஒரு கையை மட்டும் மாற்றினார்கள்.

கீழ் அடுக்கின் முக்கியமான கைக்கு ஆண்டி கிரெய்ன் ஜியாமெட்ரி என்று பெயர். சாய்ந்த கோடுகள் படிக்கட்டு போலத் தெரியாமல் வழவழப்பாக வரும்படி புள்ளிகளுக்கு நிறம் தீட்டுவது இதன் வேலை. இதை எழுதியவர் மாக்சிம் ஷெமனாரெவ் என்பவர். ஹண்டரின் நூலகம் இந்தப் படைப்பைத் தன் வயிற்றுக்குள்ளேயே சுமந்து வருகிறது.

இருவரும் போனார்கள்

2012 ஜூலையில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்த அறிவியல் பைத்தான் மாநாட்டில் ஹண்டர் சிறப்புரை ஆற்றினார். ஊர் திரும்பிய சில நாட்களில் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சையில் ஏற்பட்ட சிக்கல்களால் ஆகஸ்ட் 28ஆம் தேதி காலமானார். வயது 44. அவருடைய மூன்று பெண் குழந்தைகளின் படிப்புக்காக, அவர் நூலகத்தைப் பயன்படுத்தியவர்கள் நிதி திரட்டினார்கள். பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை 'சிறப்புச் சேவை விருது' என்ற ஒன்றை அந்த ஆண்டு ஏற்படுத்தி, முதல் விருதை அவர் பெயருக்கே அளித்தது.

அடுத்த ஆண்டு, 2013இல், ஷெமனாரெவும் காலமானார்.

வீட்டைக் கட்டியவரும் இல்லை. அடித்தளம் போட்டவரும் இல்லை. ஆனால் உள்ளே குடியிருப்போர் எண்ணிக்கை நாளுக்கு நாள் பெருகிக்கொண்டிருந்தது. விலைக்கு விற்கும் மென்பொருளாக இருந்து, உரியவர் போனதும் கடையை மூடியிருந்தால், கதை அங்கேயே முடிந்திருக்கும். மூல நிரல் திறந்து கிடந்ததால் அப்படி நடக்கவில்லை. ஹண்டரோடு ஏற்கெனவே உழைத்துவந்த மைக்கேல் ட்ரோட்பூம் தலைமைப் பொறுப்பை ஏற்றார். பின்னர் தாமஸ் காஸ்வெல் அதை ஏற்றார். ஷெமனாரெவின் நிரலை எடுத்து வைத்திருந்ததால், அதில் தோன்றிய பழுதுகளையும் இந்தக் குழுவே பார்த்துக்கொண்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிரல் திறந்து கிடந்தால் போதாது. திறந்த வீட்டில் யாரும் குடியேறலாம் என்பது உண்மை. யாராவது ஒழுகும் கூரையைப் பார்க்கவும் வேண்டுமே!

கூரை ஏன் ஒழுகுகிறது?

"மென்பொருள் என்ன இரும்பா, துருப்பிடிக்க?" என்று கேட்கலாம். அது தேய்வதில்லைதான். ஆனால் அதைச் சுற்றியிருப்பவை எல்லாம் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. சில எடுத்துக்காட்டுகள்.

முதலாவது, மொழியே மாறியது. 2008 டிசம்பரில் பைத்தானின் மூன்றாம் பதிப்பு வந்தது. இரண்டாம் பதிப்புக்கு எழுதிய நிரல்களில் பல இதில் ஓடாது. பயன்படுத்துவோரில் பாதிப் பேர் பழைய வீட்டிலும், பாதிப் பேர் புதிய வீட்டிலும் இருந்தார்கள். மேட்பிளாட்லிப் 2012இல் 1.2 பதிப்பிலிருந்து இரண்டையும் தாங்கியது. ஒவ்வொரு திருத்தத்தையும் இரண்டு விதமாகவும் சோதிக்க வேண்டிய இரட்டைக் குடித்தனம் ஆறு ஆண்டுகள் நீடித்தது. 2018இல் வந்த 3.0 பதிப்பில்தான் பழைய மொழியைக் கைவிட்டார்கள். பைத்தான் இரண்டுக்கான ஆதரவும் 2020 ஜனவரி முதல் தேதியோடு முடிந்தது.

இரண்டாவது, தேதிக் கணக்கு. படத்தின் அச்சில் நாள், நேரம் குறிக்க இந்த நூலகம் உள்ளுக்குள் ஓர் எண்ணைப் பயன்படுத்துகிறது. தொடக்கத்தில் அந்த எண்ணைக் கி.பி. முதலாம் ஆண்டிலிருந்து எண்ணினார்கள். இந்த முறையில் இன்றைய நாள் ஏழு லட்சத்துக்கும் மேல் போய்விடும். கணிப்பொறி ஒரு தசம எண்ணில் ஏறத்தாழ 16 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும். நாளை எழுதவே ஆறு இலக்கம் போய்விட்டால், நொடியின் பின்னங்களுக்கு இடம் குறைகிறது. நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் மைக்ரோ நொடியை இந்த முறையால் சரியாகக் காட்ட முடியவில்லை. மழைக் கணக்கு வரைபவருக்கு இதனால் நட்டம் ஒன்றுமில்லை. மின்னணுக் கருவிகளின் துடிப்புகளை அளப்பவருக்கு இது பெரிய விஷயம். 2020இல் வந்த 3.3 பதிப்பில், 1970 ஜனவரி முதல் தேதியிலிருந்து எண்ணும்படி மாற்றினார்கள். பழைய எண்களை ஏற்கெனவே கோப்புகளில் சேமித்து வைத்திருந்தவர்களுக்காக, பழைய கணக்கையே தொடரும் வசதியையும் விட்டு வைத்தார்கள்.

மூன்றாவது, நிறங்கள். வெப்பநிலை, மழையளவு போன்றவற்றை நிறங்களால் காட்டும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வானவில் போல ஓடும் வரிசை நெடுநாள் இயல்பாக இருந்தது. பார்க்க அழகு. ஆனால் அதில் மூன்று குற்றங்கள். தரவு சீராக ஏறும் இடத்திலும், நிறம் சட்டென்று மாறுவதால் அங்கே ஓர் எல்லைக்கோடு இருப்பது போலக் கண்ணை ஏமாற்றும். கறுப்பு வெள்ளையில் பிரதி எடுத்தால் உயர்ந்ததும் தாழ்ந்ததும் ஒரே சாம்பலாகும். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாத கண்குறை உள்ளவர்களுக்குப் படமே விளங்காது. 2015இல் நதானியேல் ஸ்மித், ஸ்டெஃபான் வான் டெர் வால்ட் ஆகியோர் 'விரிடிஸ்' என்ற வரிசையை அமைத்தார்கள். கருநீல ஊதாவில் தொடங்கிப் பச்சை வழியாக மஞ்சளில் முடியும் அது. அதன் வெளிச்சம் படிப்படியாக ஏறுவதால் மூன்று குற்றங்களும் பெரிதும் நீங்கின. 2017 ஜனவரியில் வந்த 2.0 பதிப்பில் அதுவே இயல்பு நிறமானது. பழைய தோற்றம்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரே வரியில் அதைத் திரும்பப் பெறும் வழியும் வைத்தார்கள்.

இந்த மூன்றிலும் ஒரே மனப்பான்மை இருப்பதைக் காணலாம். தவறு என்று தெரிந்ததைத் திருத்துவார்கள். ஆனால் ஏற்கெனவே குடியிருப்பவரைத் தெருவில் நிறுத்த மாட்டார்கள்.

அந்த ஒரு சொல்

இனி நம் பையனின் நிரலுக்கு வருவோம்.

அக்காவின் நோட்டில் பட்டை வரைபடக் கட்டளைக்குள் 'நார்ம்ட்' என்று ஒரு சொல் இருந்தது. இதைச் சேர்த்தால் பட்டைகளின் உயரம் மாணவர் எண்ணிக்கையாக இல்லாமல் விகிதமாக மாறும். என்ன விகிதம் என்பதில்தான் குழப்பம்.

ஐம்பது பேரில் 60 முதல் 70 வரை மதிப்பெண் பெற்றவர்கள் 15 பேர் என்று வைத்துக்கொள்வோம். 15ஐ 50ஆல் வகுத்தால் 0.3. பட்டையின் உயரம் 0.3 ஆக இருக்கும் என்றுதான் பெரும்பாலோர் எதிர்பார்ப்பார்கள். ஆனால் படத்தில் வருவது 0.03. ஏனென்றால், அந்தக் கட்டளை சரிசெய்வது உயரத்தை அல்ல, பரப்பை. பட்டையின் அகலம் 10 மதிப்பெண், உயரம் 0.03, இரண்டையும் பெருக்கினால் 0.3. எல்லாப் பட்டைகளின் பரப்பையும் கூட்டினால் 1 வரும். புள்ளியியலில் இதற்கு அடர்த்தி என்று பெயர்.

வேலை அடர்த்தி, பெயர் மட்டும் வேறு எதையோ நினைக்கச் செய்தது. ஆகவே 'நார்ம்ட்' என்ற சொல்லை விடுத்து, அடர்த்தியைக் குறிக்கும் 'டென்சிட்டி' என்ற சொல்லைக் கொண்டுவந்தார்கள்.

இப்படி ஒரு சொல்லை எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் அறிவிப்பு. பழைய சொல் வேலை செய்யும். கூடவே "இது விரைவில் நீக்கப்படும், புதிய சொல்லைப் பயன்படுத்துங்கள்" என்று ஓர் எச்சரிக்கையும் வரும். குறைந்தது இரண்டு பதிப்புகள் இப்படிக் கழிந்த பிறகே நீக்குவார்கள். 'நார்ம்ட்'டுக்கு 2017இல் 2.1 பதிப்பில் அறிவிப்பு கொடுத்தார்கள், 2019இல் 3.1 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். அக்காவின் நோட்டு 2016. தம்பியின் கணினியில் இருந்ததோ மிகப் புதிய பதிப்பு. இடையில் வந்த எச்சரிக்கையை இருவரும் பார்க்கவில்லை. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒட்டிய நோட்டீசை, ஊரில் இல்லாதவர் எப்படிப் படிப்பார்?

இரண்டும் இரண்டும் நாலு என்பது மாறவில்லை. அந்த நாலுக்கு வைத்திருந்த பெயர் மாறியது. அவ்வளவுதான்.

சென்னை என்று எழுதினால்

தமிழர்களாகிய நமக்கு இதில் நேராகச் சம்பந்தப்பட்ட ஒரு செய்தியும் உண்டு.

வரைபடத்தின் தலைப்பைத் தமிழில் எழுத விரும்பினால் என்ன ஆகும்? நெடுநாள் வரை முதலில் வந்தது வெறும் கட்டங்கள். நூலகத்தோடு வரும் எழுத்துருவில் தமிழ் இல்லை. தமிழ் எழுத்துருவைக் கொடுத்தால், அதில் இல்லாத வேறு மொழி எழுத்துகள் கட்டங்களாயின. ஓர் எழுத்துருவில் இல்லாத எழுத்தை அடுத்த எழுத்துருவில் தேடும் வசதி 2022இல் வந்த 3.6 பதிப்பில் கிடைத்தது. 2021இல் மாணவர்களுக்கான ஒரு கோடைக்காலத் திட்டத்தில் நம் நாட்டு மாணவர் ஒருவர் தொடங்கிய பணியின் பலன் அது.

அடுத்த சிக்கல் இதைவிட ஆழமானது. 'சென்னை' என்பதைக் கணிப்பொறி சேமிக்கும் வரிசை வேறு, நாம் எழுதும் வரிசை வேறு. சேமிக்கும்போது முதலில் 'ச'. அதன் பின்னர்தான் ஒற்றைக் கொம்பு. எழுதும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். 'னை'யில் உள்ள ஐகாரக் குறியும் அப்படியே. 'கோவை' என்றாலோ ஓகாரக் குறி இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி முன்னும் ஒரு பாதி பின்னும் நிற்க வேண்டும். வந்த வரிசையில் எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் கொம்புகள் எல்லாம் தவறான பக்கத்தில் போய் நிற்கும். ஆங்கிலத்துக்கு அந்த அடுக்கு போதுமானதாக இருந்தது. ஹண்டர் காலத்து எழுத்து வரையும் பகுதி அதைத்தான் செய்தது.

குறியைச் சரியான இடத்தில் வைக்கும் வேலைக்கென்றே ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல மென்பொருள் இருக்கிறது. நம் கைப்பேசிகளில் தமிழ் ஒழுங்காகத் தெரிவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அதை இங்கே இணைத்துவிட்டால் போதாதா?

இங்கேதான் பழைய நூலகத்தின் பாரம் தெரிகிறது. ஒரு திருத்தம் செய்தால் வேறு எதுவும் கெடவில்லை என்று எப்படி அறிவது? மேட்பிளாட்லிப் குழுவினர் ஏராளமான மாதிரிப் படங்களைச் சேமித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் அந்தப் படங்களை மீண்டும் வரையச் செய்து, புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடுவார்கள். நல்ல காவல் அது. ஆனால் அந்தப் படங்கள் பலவற்றில் எழுத்து இருக்கிறது. எழுத்தை வரையும் ஃப்ரீடைப் என்ற மென்பொருளின் பதிப்பு மாறினால் எழுத்தின் விளிம்பில் ஒன்றிரண்டு புள்ளிகள் நகரும், சோதனைகள் தோற்கும். ஆகவே 2015இல் வந்த ஃப்ரீடைப் பதிப்பையே பல ஆண்டுகள் மாற்றாமல் வைத்திருந்தார்கள். தமிழுக்குக் கொம்பைச் சரியாக்கப் போனால், எழுத்து வரையும் பகுதி முழுவதும் மாறும். மாதிரிப் படங்களைப் புதிதாக வரைந்து, ஒவ்வொன்றும் சரிதானா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

ஹார்ஃப்பஸை இணைக்கும் அந்தப் பணியையும் பராமரிப்பாளர்கள் கையில் எடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. கொம்பு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று பார்த்துச் சொல்ல, தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நாம் சொல்லித் தருவது வீண் போகவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கூலி யார் கொடுப்பது?

இத்தனை வேலையையும் பெரும்பாலும் செய்தவர்கள் தன்னார்வலர்கள். பகலில் ஆராய்ச்சிக் கூடத்திலோ அலுவலகத்திலோ வேலை. இரவிலும் விடுமுறையிலும் இது. புதிதாக ஒரு வசதி சேர்த்தால் பாராட்டு கிடைக்கும். பழைய பிழையைத் திருத்தினால் யாரும் கவனிப்பதில்லை. பெயரை மாற்றினால் நம் பையனைப் போல உலகமெங்கும் ஆயிரம் பேர் திட்டுவார்கள். பயனாளிகள் எழுதியனுப்பும் குறைகள் எப்போதும் நூற்றுக்கணக்கில் நிலுவையில் இருக்கும்.

இந்த நிலைமையை ஹண்டரே உணர்ந்திருந்தார். 2012இல், தம் கடைசி ஆண்டில், வேறு சிலருடன் சேர்ந்து நம்ஃபோகஸ் என்ற லாப நோக்கமற்ற அமைப்பைத் தொடங்கினார். இப்படிப்பட்ட மென்பொருள்களுக்கு வரும் நன்கொடைகளைப் பெற்று, கணக்கு வைத்துச் செலவிடுவது அதன் பணி. 2019இல் சான் சக்கர்பெர்க் அமைப்பு, அறிவியலுக்கு இன்றியமையாத திறந்த மூல மென்பொருள்களுக்கு மானியம் கொடுக்கத் தொடங்கியபோது, மேட்பிளாட்லிப்பும் முதல் சுற்றிலேயே அதைப் பெற்றது. சம்பளம் கொடுத்து ஓரிருவரையாவது பராமரிப்பில் அமர்த்த இத்தகைய உதவிகள் வழி செய்தன.

நம் நாட்டிலும் மும்பை ஐ.ஐ.டி.யில் நடக்கும் ஃபாஸி திட்டம், கல்லூரிகளில் திறந்த மூல மென்பொருள்களைப் பரப்பி வருகிறது. அங்கேயே உருவான ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களில் பல தமிழிலும் கிடைக்கின்றன. நம் பிள்ளைகள் தாய்மொழியில் கேட்டுப் பழகலாம்.

நம் பிள்ளைகளுக்குச் சில யோசனைகள்

பழைய நோட்டைப் பார்த்து எழுதும்போது, எந்த ஆண்டு எழுதியது, எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். உங்கள் நோட்டின் முதல் பக்கத்திலும் பதிப்பு எண்ணைக் குறித்து வையுங்கள். தம்பி தங்கைக்கு உதவும்.

எச்சரிக்கைச் செய்தி வந்தால், நிரல் ஓடிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். வரப்போகும் பிழையை முன்கூட்டியே சொல்லும் கடிதம் அது.

குறை கண்டால் புலம்புவதோடு நிறுத்தாமல் எழுதி அனுப்புங்கள். என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது என்று மூன்று வரி போதும். விளக்கப் பக்கங்களில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் அது பங்களிப்புதான். புதியவர்களுக்கு ஏற்ற சிறு வேலைகளைக் குழுவினரே தனியாகக் குறித்து வைப்பது வழக்கம்.

கடைசியாக ஒன்று. அந்தப் பையனுக்கு விஷயத்தை விளக்கியபோது, அவன் அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எங்கள் சங்கத்துச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்தார். சங்கத்தைத் தொடங்கியவர்கள், இன்று ஒருவரும் இல்லை. "இங்கேயும் அப்படித்தானே சார்? அவங்க கட்டினாங்க. நாம பாய் சுருட்டறோம்" என்றார்.

பையன் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு மிச்சமிருந்த பாய்களைச் சுருட்ட வந்தான். அடுத்த வாரம், 'சென்னை' என்று தலைப்பிட்ட மழை வரைபடம் ஒன்றை வரைந்து, கொம்பு எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறான்.